இன்னும் ஆயிரம் மீன்குஞ்சு விட்டால் போதுமா?

குடியிருப்புகளின் தூண்டில் குளங்களைப் பார்த்துவரும் எனக்குக் கோடை வந்தால் வரும் அழைப்பு இது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் விடியற்காலையில் பேசுவார். "சார், எங்கள் குளத்தில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். மீனெல்லாம் மிதக்கிறது." அண்மையில் போய்ப் பார்த்த குளத்திலும் மிதந்தவை பெரிய மீன்கள் மட்டுமே. சிறியவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியபடி உயிரோடுதான் இருந்தன. விஷம் என்றால் பெரிது சிறிது பார்க்காது. சொல்லப்போனால் சிறியவைதான் முந்திக்கொள்ளும். பெரியவை மட்டும் விடியும் நேரத்தில் சாகின்றன என்றால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான். அளந்து பார்த்தேன், அதேதான். அவர்களோ அதற்குள் காவல் நிலையத்துக்குப் புகாரே எழுதி வைத்திருந்தார்கள்.

விசாரித்தால் கதை வெளியே வந்தது. தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை என்று சில வாரங்களுக்கு முன்புதான் இன்னொரு லோடு மீனை இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் பச்சையாகிவிட்டதால் பாசிக்கு மருந்தும் அடித்திருக்கிறார்கள், குளம் முழுவதற்கும் ஒரே நாளில். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். மிச்சமிருக்கும் பாசியும் பகலில்தான் ஆக்சிஜனை விடும், இரவில் அதுவும் இழுத்துக்கொள்ளும்; இது பள்ளிக்கூடப் பாடம்.

எனக்கு எரிச்சலூட்டுவது, "சிக்கவில்லையா, மீன் குறைந்துவிட்டது, இன்னும் ஆயிரம் குஞ்சு விடுங்கள்" என்ற கணக்குதான். இதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு குளம் தாங்குவது இத்தனை மீன் என்பதல்ல, இத்தனை கிலோ மீன் என்பது. நூறு கிலோ தாங்கும் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 200 மீன் இருந்தால் சராசரியாக ஒன்று அரைக் கிலோவுக்கு வளரும். 2,000 இருந்தால் 50 கிராம். 10,000 இருந்தால் பத்தே கிராம். அதைத் தூண்டிலில் பிடிக்க முள்ளுக்கு அளவு தேட வேண்டும். குஞ்சு விட விட மீன் பெருகும், எடை பெருகாது. இது என் அபிப்பிராயம் இல்லை. 1930-களிலும் 40-களிலும் அமெரிக்காவின் அலபாமாவில் மீன்வள ஆய்வாளர் ஹோமர் ஸ்விங்கிள் குளம் குளமாக மீன் விட்டு, தண்ணீரை வடித்து, எடை போட்டுப் பார்த்த விஷயம். இன்று தூண்டில் குளங்களைப் பராமரிக்கிறவர்கள் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறார்கள்.

உடனே அடுத்த வாதம் வரும்: "எங்கள் குளம் இருபது அடி ஆழம் சார், நிறையத் தாங்கும்." தாங்காது. மீனுக்கான இரை வெயில் விழும் நீர்ப்பரப்பில் விளைகிறது, ஆகவே பரப்புதான் கணக்கு. ஆழமான குளத்தின் அடிநீரில் கோடையில் பெரும்பாலும் ஆக்சிஜனே இருக்காது, மீன் அங்கே இறங்கவும் இறங்காது. திடீர்க் காற்றும் கனமழையும் அந்த அடிநீரைக் கிளறி மேலே கொண்டுவந்தால் மறுநாள் காலையில் எனக்கு மறுபடியும் அழைப்பு. தீனி போட்டும் காற்றூட்டி வைத்தும் தாங்குதிறனை உயர்த்தலாம், மறுக்கவில்லை. அப்புறம் ஒரே ஓர் இரவு மின்சாரம் நின்றால் போதும்.

மீன் சிக்காததற்கு வேறு எத்தனையோ காரணம் உண்டு. மாலை நடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ரொட்டி எறிகிறார்கள். வயிறு நிறைந்த மீன் ஏன் உங்கள் இரையைத் தொட வேண்டும்? விட்ட விரலளவுக் குஞ்சுகளைக் குளத்தில் ஏற்கெனவே இருக்கும் வேட்டை மீன்கள் ஒரே வாரத்தில் தின்று தீர்த்திருக்கலாம். உச்சிவெயிலில் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டு மீன் இல்லை என்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

எந்த மீனை விடலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: திலேப்பியா, சாதாக் கெண்டை, லார்ஜ்மவுத் பாஸ், ரெயின்போ டிரௌட். திலேப்பியாவில் மொசாம்பிக் திலேப்பியாவும் மற்ற மூன்றும், உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட பட்டியலில் இருக்கின்றன. சொந்த மண்ணில் அவை சாதுவான மீன்களே. அயல் மண்ணில், பெருமழைக்குக் குளம் நிரம்பி வழியும்போது உங்கள் மீன் ஓடைக்குப் போய்விடும், திரும்பப் பிடிக்க முடியாது. திலேப்பியாவோ நெருக்கடியில் பத்து சென்டிமீட்டர்கூட வளராத நிலையிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அந்தந்தப் பகுதிக்குரிய மீனை, மீன்வளத் துறையின் அனுமதியோடு விடுங்கள். வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன தங்கமீனையும் கண்ணாடி சுத்தம் செய்யும் மீனையும் இரவோடு இரவாகக் குளத்தில் கொட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

விடுவதென்று தீர்மானித்துவிட்டால், முதலில் சூரியன் எழுமுன் ஆக்சிஜனை அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. மூன்றுக்குக் கீழே என்றால் ஒரு குஞ்சும் வேண்டாம். குஞ்சு விற்பவர் நண்பகலில் அளந்து காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பச்சைக் குளத்தில் நண்பகலில் எப்போதும் அழகான எண்தான் வரும். வற்றிய குளத்தைக் குடிநீர்க் குழாயால் நிரப்பாதீர்கள், குளோரின் செவுளை எரித்துவிடும். மீன் பையை வந்த வேகத்தில் கவிழ்க்க வேண்டாம். கால் மணி நேரம் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு திறந்துவிடுங்கள். பாசி மருந்தை ஒரு தடவைக்குக் குளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அடிக்காதீர்கள். அந்த மருந்து மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) என்றால் தண்ணீரின் காரத்தன்மையை அளக்காமல் தொடவே தொடாதீர்கள்; காரத்தன்மை குறைந்த மென்னீரில் அதுவே மீனைக் கொல்லும். புல்வெளிக்குப் போடும் உரம் மழையில் எங்கே போகிறது என்றும் ஒரு முறை நடந்துபோய்ப் பாருங்கள்.

பல புறநகர்க் குளங்கள் சாலைநீரும் எண்ணெயும் வண்டலும் வந்து சேர்வதற்கென்றே வெட்டப்பட்டவை. அங்கே பிடித்ததைச் சமைக்கலாமா என்றால், பரிசோதிக்காமல் வேண்டாம் என்பதே என் பதில். திரும்ப விடுகிறவர்கள் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், தண்ணீருக்கு வெளியே படத்துக்காகப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தூண்டிலில் எடைக்கு ஈயக் குண்டு வேண்டாம். அதை விழுங்கிய அன்னங்கள் செத்ததால்தான் பிரிட்டனில் 1987-இலேயே பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் விட்டுப் போகிறவர்களைச் சங்கமே கண்டிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, செலவில்லாதது. கரையில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பிடித்தவர்கள் மீனின் பெயரையும் நீளத்தையும் எழுதட்டும். ஒரு பருவம் முழுக்க எழுதிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். பெரிய மீன்களே பதிவாகி, சின்ன மீன்களே இல்லை என்றால் குஞ்சு விடுவதைப் பற்றிப் பேசலாம். எல்லாமே விரல் நீளத்தில் இருந்தால் மீன் வண்டிக்குச் சொல்லாதீர்கள், வலைக்குச் சொல்லுங்கள். அந்தக் குளத்திலிருந்து மீனை எடுக்க வேண்டும்.