கார்புரேட்டர்: கரியேற்றியா, கலப்பியா?

கம்பம், போடி ஒர்க்‌ஷாப்புகளில் இதன் பெயர் ‘கார்பரேட்டர்’: பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் உறுப்பு. பழைய புல்லட்டிலும் ஆர்.எக்ஸ். 100-லும் அந்த உறுப்பின் உடம்பிலேயே ‘மிக்கார்ப்’ என்று வார்த்திருக்கும். மிக்குனி என்ற ஜப்பானிய நிறுவனப் பெயரின் தலையையும் கார்புரேட்டரின் தலையையும் ஒட்டிய பெயர் அது.

இலத்தீனில் ‘கார்போ’ என்றால் கரி. அதிலிருந்து பிரெஞ்சில் ‘கார்பூர்’, கரி சேர்ந்த சேர்மம். ஆங்கிலத்தின் பழைய வேதியியல் நூல்கள் இதை ‘கார்புரெட்’ என்றன; இன்றைய பெயர் கார்பைடு. பிறகு அதே சொல் வினையாகி, காற்றிலோ வாயுவிலோ எண்ணெய் ஆவியை ஏற்றுவதைக் குறித்தது. எஞ்சின் பெருகுவதற்கு முன்பே, விளக்கு வாயுவுக்கு ஒளி கூட்டிய கருவிக்கு இந்தப் பெயர் இருந்தது.

தொடக்ககால எஞ்சின்களில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓடவிட்டு ஆவியை அள்ளினார்கள். அதுவரை பெயர் பொருந்தியது. 1893 வாக்கில் ஹங்கேரியில் பாங்கி, சொங்கா இருவரும், ஜெர்மனியில் மேபாக்கும் சிறு துளை வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகையைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் இந்தக் கருவியின் வேலை அளந்து கலப்பது. பெயர் மட்டும் கரியிலேயே நின்றுவிட்டது.

ஆகவே ‘கரியேற்றி’ என்று தமிழாக்கினால் வேருக்கு நேர்மை, வேலைக்குப் பொய். ‘எரிகலப்பி’ என்பதே நம் தேர்வு. பேச்சில் ‘கலப்பி’ போதும். (தட்டச்சில் ஒரு எழுத்து பிசகினால் கலப்பை ஆகிவிடும், கவனம்.) கரியேற்றி என்ற பெயர் கெட்டுப்போன கலப்பிக்குத்தான் பொருந்தும்: பெட்ரோல் மிகுந்தால் பிளக் முனையில் கரி அப்பியிருக்கும். வெளுத்திருந்தால் காற்று மிகுதி. பால் காப்பி நிறம் என்றால் சரி. மெக்கானிக்குகள் சொல்லும் ‘ரிச்’, ‘லீன்’ இரண்டுக்கும் செறிகலவை, மெலிகலவை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டை அடைவதற்குள் ஏறக்குறைய 1000 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) தரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கலவை செறிந்து வண்டி திணறும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பூப்பாறைக்காரர் மலையாளத்தில் ‘வண்டி வலிக்குந்நில்லா’ என்பார். வண்டிக்கு வலியா என்று குழம்ப வேண்டாம். ‘இழுக்கல’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். துடுப்பு வலித்தல் என்று தமிழிலும் இந்த ‘வலி’ உண்டு.

ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையே திரும்பும் வண்டியில் எதையும் மாற்றாதீர்கள். மேலேயே ஓடும் வண்டி என்றால் ஸ்லைடு (ஆக்சிலேட்டரைத் திருகினால் எழும் அடைப்பு) தாங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே போடலாம். இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், கலவை மெலியும். அப்படி மெலிய வைத்த டூ ஸ்ட்ரோக் வண்டியை அப்படியே போடிக்கு இறக்கிச் சமவெளியில் விரட்டினால், சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். செறிகலவை பிளக்கோடு போகும். மெலிகலவை சிலிண்டர் போர் வரைக்கும் செலவு வைக்கும்.

‘ஸ்லோ நிக்கல’ (ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் அணைந்துவிடுகிறது) என்று வரும் வண்டிக்கு ஊசியும் மெயின் ஜெட்டும் காரணமில்லை. ஊசியின் ஆட்சி திராட்டில் (ஆக்சிலேட்டர்) கால்வாசி திறந்ததிலிருந்து முக்கால் வரை, மெயின் ஜெட்டுக்கு அதற்கும் மேல். ஸ்லோவுக்குப் பொறுப்பு ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே முட்டவிட்டு (இறுக்கினால் முனை நசுங்கும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐட்லிங்கை (ஆக்சிலேட்டர் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சற்றே கூட்டி, கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் வேகம் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங்கைப் பழைய நிலைக்குக் குறைக்கலாம். உச்சம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்தால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது அல்லது சிறிதாக இருக்கிறது; மூன்று சுற்றுக்கு மேல் போனால் பெரிது. எங்கே திருப்பினாலும் மாற்றமே இல்லை, ஐட்லிங் தானாக ஏறி இறங்குகிறது என்றால் ஸ்க்ரூவை விட்டுவிட்டு, கலப்பிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு தேடுங்கள்.

இதெல்லாம் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஏர் ஸ்க்ரூவுக்கு. ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை ஆள்வது, திசை மாறும். ராஜ்தூத் 350 போல இரட்டைக் கலப்பி என்றால், முதலில் இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழும்படி கேபிளைச் சரிசெய்த பிறகே ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். ‘ட்யூனிங்’ என்ற சொல்லுக்குச் சுருதி சேர்த்தல் என்ற பொருள் நிஜமாகப் பொருந்துவது அங்கேதான்.

அடைத்த ஜெட்டை எஃகுக் கம்பியால் குத்தக் கூடாது. ஜெட் பித்தளை, துளை அகன்றால் மேலே பொறித்த எண் பொய்யாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் கலப்பியின் அடியில் பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணத்தை வடித்து வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து உள்ளே அரிப்பை உண்டாக்கும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பத் தூக்கும் ‘சோக்’ என்ற சொல்லிலும், பெயர் ஒன்று வேலை ஒன்று என்ற இதே கோளாறு உண்டு. தொண்டையை அடைப்பது என்பது பொருள். அதாவது காற்று வழியை மூடுவது. மிக்கார்ப்பில் அப்படி ஒரு மூடியே கிடையாது. சோக்கைத் தூக்கினால் பெட்ரோலுக்குத் தனி வழி ஒன்று திறக்கும்.