இருகட்சி முறை: 'கட்சி' என்றால் எத்தனை பக்கம்?

வழக்கறிஞர் அலுவலகத்தில் 'உங்கள் கட்சிக்காரர் வந்திருக்கிறார்' என்று குமாஸ்தா சொன்னால் யாரும் கரைவேட்டியைத் தேடமாட்டார்கள். வந்திருப்பவர் வழக்குக்காரர். அரசியலுக்கு வருவதற்கு முன்பே நீதிமன்றத்தில் புழங்கிய சொல் 'கட்சி'. பக்கம், தரப்பு என்பதே அதன் பொருள். 'கக்ஷி' என்ற வடசொல்லின் திரிபு என்று அகராதிகள் சொல்கின்றன. மலையாளத்திலும் 'கக்ஷி' வழக்காடுபவரையும் குறிக்கும், அரசியல் அமைப்பையும் குறிக்கும். கன்னடத்தில் 'கக்ஷிதார' என்றால் வழக்கறிஞரின் கட்சிக்காரர்தான்.

சங்கப் பாடல்களில் இன்னொரு 'கட்சி' உண்டு: காடு, பறவைக் கூடு, விலங்கு தங்குமிடம். எழுத்து ஒன்று, சொல் வேறு. ஆனாலும் தேர்தல் நேரத்துக் கட்சித் தாவல்களைப் பார்க்கையில் அந்தப் பழைய பொருளும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

ஆங்கிலத்தின் 'பார்ட்டி'யும் இதே ஜாதகம்தான். பிரிப்பது, பங்கிடுவது என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கும் வழக்காடுபவர் 'பார்ட்டி'தான். வழக்கு என்றால் பெரும்பாலும் வாதி, பிரதிவாதி என இரண்டு பக்கம். ஆனால் பங்கு என்று வந்தால் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

இரண்டு பெரிய கட்சிகளே மாறி மாறி ஆட்சிக்கு வரும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'டூ பார்ட்டி சிஸ்டம்' என்பார்கள். அதற்குச் சரியான தமிழ் 'இருகட்சி முறை'. சிலர் 'இருகட்சி ஆட்சி' என்று எழுதுகிறார்கள். அது இரண்டு கட்சிகள் சேர்ந்து நடத்தும் கூட்டணி ஆட்சி என்றாகிவிடும். நேர்மாறான பொருள்! 'இருதரப்பு' என்பதும் இங்கே பொருந்தாது. அதை இரு நாட்டுப் பேச்சுவார்த்தைக்கு விட்டுவிடலாம். எதிர்ச்சொல் 'பலகட்சி முறை'.

இருகட்சி முறை பலகட்சி முறையாக மாறுமா? 1951இல் பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரிஸ் துவெர்ஜே இதைப் பற்றி ஒரு விதி சொன்னார்: தொகுதிக்கு ஒருவர், ஒரு வாக்கு கூடினாலும் வெற்றி என்ற ஏற்பாடு இருகட்சி முறைக்கே இட்டுச்செல்லும். மூன்றாவது கட்சிக்கு விழும் வாக்கு இடமாக மாறாது. அடுத்த முறை அதன் ஆதரவாளரே 'வாக்கை ஏன் வீணாக்க வேண்டும்' என்று பெரிய கட்சிக்குப் போய்விடுவார். 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சை ராஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்கு வாங்கினார். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

நியூசிலாந்தும் அப்படித்தான் இருந்தது. 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சிக்கு வாக்கு அதிகம், தேசியக் கட்சிக்கு இடம் அதிகம். 1981இல் சோசியல் கிரெடிட் கட்சிக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு. மொத்தம் 92 இடங்களில் அது பெற்றது இரண்டே இரண்டு. தேர்தல் முறையை ஆராய்ந்த அரச ஆணையம் 1986இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தது. 1993 பொதுவாக்கெடுப்பில் 53.9 விழுக்காட்டினர் 'கலப்பு விகிதாசார முறை'யைத் தேர்ந்தார்கள். வேட்பாளருக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு. நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடுவது கட்சி வாக்குதான். 5 விழுக்காடு தாண்டினால், அல்லது ஒரு தொகுதியாவது வென்றால் பங்கு உண்டு.

('விகிதாசாரம்' என்றால் வாங்கிய வாக்கின் அளவுக்கேற்ப இடம். இலங்கைத் தமிழருக்குப் பழகிய சொல், 1978 அரசியலமைப்பு அங்கே விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது.)

1996இல் புதிய முறையில் தேர்தல் நடந்தபோது ஆறு கட்சிகள் உள்ளே வந்தன. ஆட்சி அமைக்கவே இரண்டு மாதம் பிடித்தது. ஆக, முறை மாறும். ஆனால் மக்கள் மனம் மாறினால் மட்டும் போதாது, வாக்கை எண்ணும் விதி மாறவேண்டும் என்பதே என் கட்சி. (நீதிமன்றப் பொருளில் சொல்கிறேன்.)

2020இல் தொழிற்கட்சி 120இல் 65 இடம் பிடித்துத் தனியாகவே ஆண்டது. 2023இல் மூன்று கட்சிக் கூட்டணி. பெயர் பலகட்சி முறைதான். ஆனால் 1935 கடைசியிலிருந்து அங்கே பிரதமரானவர் ஒவ்வொருவரும் தொழிற்கட்சி அல்லது தேசியக் கட்சியைச் சேர்ந்தவரே.