வெம்பிளி இறுதியாட்டமும் முப்பது ரப்பர் கொட்டைகளும்

2025 மே 24, சனிக்கிழமை இரவு. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டருகே உள்ள ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது, தொடுவார் இல்லை. டிவியில் வெம்பிளி அரங்கம். ஷெஃபீல்ட் யுனைடெட்டும் சண்டர்லாந்தும் மோதுகின்றன. ஜெயித்தால் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரிமியர் லீக், தோற்றால் மறுபடி இரண்டாம் பிரிவு. முதல் கோல் ஷெஃபீல்டுக்கு. இன்னொன்றும் அடித்தார்கள், ஆனால் விஏஆர் என்ற வீடியோ மறுபார்வையில் ரத்து செய்துவிட்டார்கள். 76-ஆவது நிமிஷத்தில் சண்டர்லாந்து சமன் செய்தது. 95-ஆவது நிமிஷத்தில் டாம் வாட்சன் என்ற 19 வயதுப் பையன் பெட்டியின் ஓரத்திலிருந்து தாழ்வாக உதைத்த பந்து வலைக்குள் போனது. முடிந்தது கதை.

கூடவே எங்கள் மாமாவின் பொறுமையும் முடிந்தது. "தொண்ணூறு புள்ளி எடுத்தவன் கீழே, எழுபத்தாறு எடுத்தவன் மேலேயா? என்ன கணக்குடா இது?"

மாமா கேட்டதில் தப்பில்லை. அந்த சீசன் பட்டியலில் ஷெஃபீல்டுக்கு 90 புள்ளி, சண்டர்லாந்துக்கு 76. அந்த இரண்டாம் பிரிவில் 24 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டம். முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போய்விடும். மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு அந்த சீசனில் மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்தவர்கள் மோதினார்கள். இப்படி மோதவைக்கும் ஏற்பாடு 1987-லிருந்து நடக்கிறது. அரையிறுதியாவது இரண்டு ஆட்டம். இறுதி ஒன்றே ஒன்றுதான்.

மாமா பால்மரத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். அதனால் நான் வேறு வழியில் கேட்டேன். "ஒரே ஒரு நாள் பாலை எடை போட்டுப் பார்த்து, இவர்தான் நல்ல வெட்டுக்காரர் என்று சொல்வீங்களா மாமா?"

"அது எப்படி? காலையில மழை தூறினா போச்சு. அன்னைக்கு எந்த நெரை கிடைச்சதுன்னும் இருக்கு. மாசக் கணக்கு பார்க்கணும்."

விஷயமே அதுதான். 46 ஆட்டம் என்பது மாசக் கணக்கு, வெம்பிளி ஒரு நாள் எடை. சரி, ஒரு நாள் எடை எவ்வளவு ஏமாற்றும்? மறுநாள் காலை மைலோ டின்னில் 30 ரப்பர் கொட்டைகளைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மூன்றில் சிவப்புச் சாயம், இரண்டில் நீலம், மீதி 25 வெறும் கொட்டை. கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஒரு எடுப்பு என்பது ஆறு நிமிஷம், 15 எடுப்பு ஒரு ஆட்டம். சிவப்பு வந்தால் வலுவான அணிக்குக் கோல், நீலம் வந்தால் மற்ற அணிக்கு. சராசரியாக சிவப்பு ஆட்டத்துக்கு ஒன்றரை கோல், நீலம் ஒரு கோல் அடிக்கும். நிஜ ஆட்டங்களுக்கு இது ரொம்பத் தூரமில்லை.

முதல் ஆட்டத்தில் 13 எடுப்பு வரை ஒன்றுமே வரவில்லை. 14-ஆவது நீலம். கடைசி, வெறும் கொட்டை. மாமா டின்னைப் பிடுங்கி உள்ளே எட்டிப் பார்த்தார், நான் ஏதோ தில்லுமுல்லு செய்ததுபோல.

திரும்பத் திரும்ப ஆடினால் இது எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. சிமியோன் டெனி பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1837-இல் எழுதியது. சராசரியைக் கொடுத்தால், எத்தனை தடவை ஒன்றுமே வராது, எத்தனை தடவை ஒன்று, இரண்டு வரும் என்று அது சொல்லும். அபூர்வமாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடக்கும் எதற்கும் பொருந்தும். 1898-இல் போர்ட்கிவிச் என்பவர் அதை பிரஷ்ய ராணுவத்தில் பொருத்திப் பார்த்தார். பத்துப் படைப்பிரிவுகளில் 20 ஆண்டுகளில் குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். ஒரு பிரிவுக்கு ஒரு வருஷம் ஒரு பதிவு, ஆக மொத்தம் 200 பதிவுகள். அவற்றில் 109-இல் சாவே இல்லை, 65-இல் ஒன்று, 22-இல் இரண்டு, மூன்றில் மூன்று, ஒன்றில் மட்டும் நான்கு. சூத்திரம் சொன்னது 109, 66, 20, 4, 1. நான்கு பேர் செத்த வருஷத்தில் குதிரைகள் வெறிபிடித்து அலைந்தன என்று நினைக்கத் தேவையில்லை. அப்படி ஒரு வருஷம் தானாகவே வரும்.

நம் கொட்டைகளுக்கு அதே சூத்திரத்தைப் போட்டால், 90 நிமிஷத்தில் சிவப்பு ஜெயிப்பது 100-க்கு 49, சமம் 26, நீலம் ஜெயிப்பது 25. சமமானால் கூடுதல் நேரம், அப்புறம் பினால்டி. அதையும் சேர்த்தால் நீலம் மேலே போகும் வாய்ப்பு 100-க்கு 37! நிஜத்தில் கோல் விழுந்ததும் அணிகள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும், அதனால் கொட்டைக் கணக்கு அப்படியே நடக்காது. ஆனாலும் பெரிதாக விலகாது.

குற்றவாளி யார் என்றால், கோல்களின் பஞ்சம். மொத்தக் கோல்களில் 60 விழுக்காடு சிவப்பு அடித்தும் மேலே போக 100-க்கு 63 வாய்ப்புதான். பூப்பந்தில் ஒவ்வொரு புள்ளியையும் எடுக்க அதே 60 விழுக்காடு வாய்ப்புள்ள ஆட்டக்காரர், 21 புள்ளி வீதம் மூன்று செட்டில் இரண்டை எடுக்கும் ஆட்டத்தில், 100-க்கு சுமார் 97 தடவை ஜெயிப்பார். அங்கே ஒரு பந்து வலையில் இடறினாலும் சரிக்கட்ட இன்னும் எத்தனையோ புள்ளி இருக்கிறது. காற்பந்தில் ஒரு இடறல் போதும், ஆட்டம் போய்விடும்.

மாமா உடனே, "அப்போ மாசக் கணக்குதான் நியாயம்" என்றார். அதிலும் ஒரு சங்கடம். நம் சிவப்பு அணி 46 ஆட்டத்தில் சராசரியாக சுமார் 80 புள்ளி எடுக்கும். ஆனால் அந்த எண் சும்மா அதிர்ஷ்டத்திலேயே ஒன்பது புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடும். அதே ஆட்டக்காரர்கள், அதே திறமை, ஒரு வருஷம் 72, இன்னொரு வருஷம் 88 என்று வரலாம். 90-க்கும் 76-க்கும் உள்ள 14 புள்ளி இடைவெளி கனமானதுதான். ஆனால் இரண்டு அணிகளின் எண்ணும் இப்படி மேலும் கீழும் ஆடுவதைச் சேர்த்துப் பார்த்தால், அதில் ஒரு பங்கு அதிர்ஷ்டமாகவும் இருந்திருக்கலாம். மாசக் கணக்கிலும் மழை தூறும்.

1998 இறுதியாட்டத்தையும் மாமாவுக்குச் சொன்னேன். அந்த வருஷம் 90 புள்ளியோடு மூன்றாவதாக வந்த அணி, 88 எடுத்த சார்ல்டனோடு 4-4 சமன் ஆகி, பினால்டியில் 7-6 என்று தோற்றது. தோற்ற அணி இதே சண்டர்லாந்து.

மாமா பதில் சொல்லவில்லை. டின்னை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குலுக்கினார்.

"இன்னொரு ஆட்டம் போடு. இந்தத் தடவை நான் நீலம்."