‘நன்றாக’ என்றால் போதாது

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், மகன் வீட்டில் இருக்கும் ஒரு தமிழ்த் தாத்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊரில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வுப் படிவம் வருகிறது. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறாரா? ஆமாம். எந்த மொழி? தமிழ். ஆங்கிலம் எப்படிப் பேசுவார்? மிக நன்றாக, நன்றாக, சுமாராக, அறவே தெரியாது என்ற பொருளில் நான்கு கட்டங்கள். “நன்றாகன்னே போடுப்பா, போதும்” என்கிறார் தாத்தா. அவ்வளவுதான், கணக்கில் அவர் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் ஆகிவிட்டார். ‘மிக நன்றாக’ என்ற முதல் கட்டத்துக்குக் கீழே எதில் குறி விழுந்தாலும் அந்தப் பக்கம்தான்.

ஏன் இவ்வளவு கறார்? இந்த மூன்று கேள்விகளும் 1980 கணக்கெடுப்பில் வந்தவை. 1982இல் ஒரு தனி ஆய்வு நடத்தி, மக்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட மதிப்பெண்ணை உண்மையான ஆங்கிலத் தேர்வோடு ஒப்பிட்டார்கள். முதல் கட்டத்தில் குறியிட்டவர்கள் ஆங்கிலமே தாய்மொழியான அமெரிக்கர்களுக்குச் சமமாக எழுதினார்கள். ‘நன்றாக’ என்றவர்கள் பின்தங்கினார்கள். கோடு அங்கே விழுந்தது. மொத்தக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஊர் அடக்கம் அதில் அடங்காது.

அப்புறம், பெரும்பாலும் படிவத்தை நிரப்புவது வீட்டில் ஒருவர்தான். மாமியாரின் ஆங்கிலத்துக்கு மருமகள் மதிப்பெண் போடுகிறார்! கேட்பதும் பேச்சைப் பற்றி மட்டும். வாசிப்பு, எழுத்து பற்றிக் கேள்வியே இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே கணக்கில்லை. 14 வயதோ அதற்கு மேலோ ஆன ஒரே ஒருவர் ‘மிக நன்றாக’ப் பேசினாலும், அந்த வீட்டுக்கே ஆங்கிலம் வரும் என்று கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்படித்தான் ஒரு குடும்பத்தையே ஆங்கிலம் வராத வீடுகளின் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறான்.

அமெரிக்காவில் 1980இல் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசியவர்கள் 2.31 கோடி, 2019இல் 6.78 கோடி. அவர்களில் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களின் கணக்குக்குச் சட்ட பலமும் உண்டு. வாக்குரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவுப்படி, ஆங்கிலத்தில் தடுமாறும், வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள் ஒரு சிறுபான்மை மொழிக் குழுவில் 10,000 பேருக்கு மேல், அல்லது ஒரு பகுதியின் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்து, அவர்களின் எழுத்தறிவும் நாட்டுச் சராசரிக்குக் கீழே இருந்தால், வாக்குச்சீட்டை அவர்கள் மொழியிலும் தர வேண்டும். 2011இல் குவீன்ஸில் ‘ஆசிய இந்தியர்’ (இந்திய வம்சாவளியினருக்கு அமெரிக்கக் கணக்கெடுப்பில் உள்ள பெயர்) இந்தக் கோட்டைத் தாண்டினார்கள். ஆனால் ‘இந்தியர்’ என்று ஒரு மொழி கிடையாதே! பஞ்சாபி, இந்தி, குஜராத்தி, மலையாளம், தமிழ் என்று நீளும் வரிசையில் உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகள் தேர்ந்தெடுத்தது வங்காளத்தை. 2013 தேர்தலில் வங்காள எழுத்தில் வாக்குச்சீட்டு வந்தது. சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியிலும் அதே ‘ஆசிய இந்தியர்’ கணக்குத்தான். அங்கே கிடைத்தது இந்தி.