பிரிக்கப்படாத உறையும் பார்வையாளரின் கண்ணீரும்

தென்கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 2016 ஆகஸ்ட் 29 முதல் நவம்பர் 1 வரை 20 அத்தியாயங்களாக ஒளிபரப்பான ‘மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ’ தொடரின் இறுதிப் பகுதியில் ஒரு கடிதக் கட்டு வருகிறது. அரண்மனையை விட்டு வெளியேறிய நாயகி ஹே சூ, சாவதற்கு முன் அரசனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கடிதம் மேல் கடிதமாக எழுதுகிறாள். அவளுடைய கையெழுத்து அரசனின் கையெழுத்தைப் போலவே இருப்பதால், பிறர் கண்ணில் பட்டால் வம்பாகிவிடும் என்று அஞ்சும் இளவரசன் ஜங், அக்கடிதங்களைத் தன் கையால் முகவரி எழுதிய வேறோர் உறைக்குள் இட்டு அனுப்புகிறான். தம்பி ஏதோ எழுதியிருக்கிறான் என்று நினைத்து அரசன் அவற்றைப் பிரிக்காமல் ஒதுக்கிவிடுகிறான். ஹே சூ காத்திருந்தே இறந்துபோகிறாள். அதன் பிறகுதான் உறைகள் பிரிக்கப்படுகின்றன.

இந்தக் காட்சியைப் பார்த்து அழுதவர்களில் மிகப் பலர், அந்த அரசன் வாழ்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதையும், கதை எங்கே போய் நிற்கும் என்பதையும் ஓரளவு அறிந்தவர்கள்தாம். தொடரின் நாயகன் வாங் சோ கற்பனைப் பாத்திரம் அல்லன். பழைய கொரிய அரசான கோரியோவின் நான்காம் மன்னராக 949 முதல் 975 வரை ஆண்ட குவாங்ஜோங் அவரே. முறையற்று அடிமைகளாக்கப்பட்டவர்களை 956இல் விடுவித்ததும், 958இல் அரசுப் பணிக்குத் தேர்வு முறையைக் கொண்டுவந்ததும், வலிமை மிக்க குலத்தலைவர்களை இரத்தம் சிந்தி ஒடுக்கியதும் கொரிய வரலாற்று நூல்களில் உள்ளவை. நிகழ்காலத்தில் சூரிய கிரகணத்தின்போது நீரில் மூழ்கிப் பத்தாம் நூற்றாண்டில் ஹே சூவாகக் கண் விழிக்கும் நாயகிக்கும், தான் நேசிப்பவனே அந்த அரசன் என்பது போகப்போகத் தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த கதை மனத்தை இப்படி உலுக்குவது எப்படி?

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடையைத் தொடுகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை அந்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால், அவர் அப்பதவியை ஏற்பாரா என்ற ஐயத்தை எழுப்பும் சிறு கதைப்பகுதியைப் படிக்கவைத்த பின், அந்த வாக்கியம் சரியா தவறா என்று கேட்டபோது, விடை சொல்ல வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. உண்மை அவர்களுக்கு மறந்துவிடவில்லை. கதைக்குள் இருக்கும் மனம், ஒவ்வொரு நிகழ்வையும் முதன்முறையாக நடப்பதைப் போலவே எதிர்கொள்கிறது. நினைவறையின் மூலையில் இருக்கும் விடையைத் தேடி எடுத்துவர அது முனைவதில்லை என்பதே கெரிக்கின் விளக்கம். 2000இல் உளவியலாளர்கள் மெலனி கிரீன், டிமோத்தி பிராக் ஆகியோர் கதையால் வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் இந்நிலையை அளப்பதற்கென ஒரு வினாப்பட்டியலையே உருவாக்கினர். அதில் அதிக மதிப்பெண் பெறுவோர், கதையில் பொய்யாக ஒலிக்கும் இடங்களைக் குறைவாகவே கண்டனர்.

ஆனால் பதற்றம் வேறு, நெஞ்சில் தங்கிவிடும் துயரம் வேறு. பின்னதை விளக்க உளவியலாளர்கள் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. கிரேன், டீஸ் என்ற இருவர் ஒரே வண்டியில் விமான நிலையத்துக்குப் புறப்படுகின்றனர். இருவருக்கும் வெவ்வேறு விமானம், ஆனால் ஒரே புறப்பாட்டு நேரம். நெரிசலில் சிக்கி 30 நிமிடம் தாமதமாக வந்து சேர்கின்றனர். கிரேனின் விமானம் உரிய நேரத்திலேயே போய்விட்டது. டீஸின் விமானமோ தாமதமாகி, 5 நிமிடத்துக்கு முன்புதான் கிளம்பியது. யாருக்கு அதிக வருத்தம் என்று கேட்டதற்கு, 96 விழுக்காட்டினர் டீஸுக்கே என்றனர். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். நடந்ததை மாற்றி எழுதிப் பார்ப்பதற்கு டீஸின் கதை எளிதாக இடம் கொடுக்கிறது, அவ்வளவே. மனம் உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கும் இந்த மாற்றுக் கதை எவ்வளவு இலகுவாக ஓடுகிறதோ, அவ்வளவுக்கு ஆற்றாமையும் கூடுகிறது.

அதே கட்டுரையில் இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் வீடு திரும்பியவர் விபத்தில் இறந்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையையே மாற்ற விரும்புகின்றனர். வழக்கமான பாதையில், ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் புறப்பட்டார் என்று சொன்னால் நேரத்தை மாற்றுகின்றனர். மனம் எதை வேண்டுமானாலும் அழித்து எழுதிவிடுவதில்லை. சற்றே வழக்கம் தவறிய, கைக்கு எட்டும் சிறு விவரத்தையே தொடுகிறது.

இப்போது உறைக்குத் திரும்பலாம். அரியணைப் போட்டியே நடக்காமல் இருந்திருந்தால் என்று எந்தப் பார்வையாளரும் ஏங்குவதில்லை. அது வரலாறு, அசையாது. நாயகி எதிர்காலத்திலிருந்தே வராமல் இருந்திருக்கலாம் என்றும் நினைப்பதில்லை; அப்படியானால் கதையே இல்லை. அசைக்கக்கூடியதாக எஞ்சுவது, ஒரு காகிதத்தின் மேல் சுற்றப்பட்ட இன்னொரு காகிதம் மட்டும். வரலாற்றுக் காலப்பயணக் காதல் கதைகளின் உண்மையான பொறி இதுதான் என்பேன். பெரிய நிகழ்வுகள் முன்பே ஆணியடித்து நிறுத்தப்பட்டிருப்பதால், ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற எண்ணம் முழுவதும் சிறியவற்றின் மேல் குவிகிறது. சாதாரணக் காதல் கதையில் அந்த எண்ணம் நூறு திசைகளில் சிதறிவிடும். இங்கோ, வருவதை அறிந்த நாயகியே அந்த எண்ணத்தைத் திரைக்குள் சுமந்து திரிகிறாள். பார்வையாளர் செய்ய வேண்டிய கணக்கைப் பாதி அவளே செய்துவைக்கிறாள்.

இதோடு பழக்கமும் சேர்கிறது. டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே, தொலைக்காட்சியில் அடிக்கடி தோன்றும் முகங்களோடு மக்கள் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தை விவரித்தனர். வாரத்துக்கு இரண்டு இரவுகள், இரண்டு மாதங்களுக்கும் மேலாக, தழும்பை மறைக்க முகமூடி அணிந்த இளவரசனையும், ஒப்பனைப் பூச்சால் அத்தழும்பை மறைத்துவிட்டு அவனை ஊரார் முன் அனுப்பும் பெண்ணையும் நெருக்கக் காட்சிகளில் பார்த்தவர்களுக்கு, அவர்கள் வெறும் பாத்திரங்கள் அல்லர். பிடித்த பாத்திரத்தை இழக்க நேர்ந்தால் எப்படி உணர்வீர்கள் என்று ஜோனதன் கோஹன் இஸ்ரேலில் கேட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், நிஜ உறவுகளிலும் கைவிடப்படுவோமோ என்ற பதற்றம் உடையவர்களே மிகுந்த துயரத்தை எதிர்பார்த்தனர்.

இரண்டாம் பருவம் வேண்டும் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு, முடிவடையாத வேலையே நினைவில் நிற்கும் என்ற ஜைகார்னிக் விளைவைப் பலரும் காரணமாகச் சொல்வதுண்டு. 1927ஆம் ஆண்டின் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதால், நான் அதன்மேல் அதிகம் சாய மாட்டேன். அதைவிட எளிய காரணம் கதையிலேயே இருக்கிறது. நாயகி நிகழ்காலத்தில் கண் விழித்து, கோரியோ காலத்து ஓவியமொன்றில் அரசன் தனியே நிற்பதைக் கண்டு, அவனைத் தனியாக விட்டு வந்ததற்காகக் கதறுகிறாள். அவனோ, வேறோர் உலகில் இருந்தாலும் அவளைத் தேடி வருவதாகச் சொல்லிவிட்டு அரண்மனையை விட்டு நடக்கிறான். நடந்துபோன வரலாற்றில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. நிகழ்காலமோ இன்னும் எழுதப்படாதது. அதுவரை அடைபட்டிருந்த மாற்றுக் கதைகள் அனைத்தும் அந்த ஒரு வாசல் வழியே வெளியேறப் பார்க்கின்றன.

தொடரை மூன்றாம் முறை, நான்காம் முறை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறைக்குள் என்ன இருக்கிறது, யார் எழுதியது, எப்போது பிரிக்கப்படும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் அரசனின் மேசைமீது அந்தக் கட்டு வைக்கப்படும்போது, வாஷிங்டனைப் பற்றிய வாக்கியத்துக்கு முன் தயங்கிய வாசகர்களைப் போலவே அவர்களுடைய மனமும் ஒரு நொடி தயங்குகிறது. இம்முறை அவன் கை அதை நோக்கி நீளுமா என்று பார்க்கிறது.