"இத்தனை வருஷம் கழித்து எப்படிப் பேசுவது?"

நண்பரின் எண் இன்னும் போனில் இருக்கிறது. கடைசியாகப் பேசி ஆறு வருடம். சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் அவர் அழைத்தபோது எடுக்க முடியவில்லை, அப்புறம் கூப்பிடலாம் என்று விட்டதில் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதற்குமேல் அழைக்கவே கூச்சம். தனிமை என்று ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இப்படி விட்டுப்போன ஒரு பெயராவது வெளியே வரும்.

இந்தக் கூச்சம் எவ்வளவு வலுவானது என்பதை லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரு உளவியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பங்கேற்றவர்களுக்குப் பழைய நண்பரிடம் பேச ஆசை இருந்தது, தொடர்பு எண்ணும் இருந்தது, எழுத நேரமும் ஒதுக்கித் தரப்பட்டது. அப்படியும் செய்தியை அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு குழுவை முதலில் மூன்று நிமிடம், இப்போது பழகும் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். அதன்பின் பழைய நண்பருக்கும் அனுப்பியவர்கள் 53 சதவீதம். அந்த முன்பயிற்சி இல்லாதவர்களில் 31 சதவீதம். நீங்களும் இதை அப்படியே செய்யலாம். தினமும் பேசுகிற இரண்டு மூன்று பேருக்கு நாலு வரி அனுப்புங்கள். கை ஓடத் தொடங்கியதும், போனைக் கீழே வைக்காமல் அந்தப் பழைய பெயரைத் திறங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "பெரிய ஆளாயிட்ட, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்பது உரிமையாகச் சொல்வதுபோலத் தெரியும். படிப்பவருக்கு அது குற்றச்சாட்டு. இரண்டு பக்க மன்னிப்பும் வேண்டாம், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவர் தலையில் விழும். வெறும் "எப்படி இருக்க?" இன்னும் கடினம். ஆறு வருட வாழ்க்கையை ஒரு வரியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தே பதிலைத் தள்ளிப்போடுவார்கள். கீழே உள்ளதுபோல் ஒன்று போதும்:

"நான்தான், ஸ்கூல்ல உன் பக்கத்துல உக்காந்தவன். இன்னிக்கு ரோட்டுல ஒரு பையன் சைக்கிள் செயின் மாட்டிட்டிருந்தான். மழையில நீ என் செயினை மாட்டி விட்டு, சட்டையெல்லாம் கிரீஸோட கிளாஸுக்கு வந்தது ஞாபகம் வந்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு. நேரம் கிடைக்கும்போது பேசு, அவசரம் இல்ல."

யார் என்பது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அது அவசியம், கைவிட்ட எண்கள் வேறொருவருக்குப் போயிருக்கக்கூடும். உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு காட்சி இருக்கிறது. பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி எதுவும் இல்லை.

சமூக வலைதளத்தில் அனுப்பினால், நட்புப் பட்டியலில் இல்லாதவரின் செய்தி 'மெசேஜ் ரிக்வெஸ்ட்' பகுதியில் போய்க் கிடக்கும். பதில் வராததை உடனே நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிரு மாதம் கழித்து வேறு வழியில் ஒருமுறை முயலுங்கள். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். முடிந்தால் அனுப்புவதற்கு முன்பே பொதுவான நண்பர் ஒருவரிடம் விசாரியுங்கள். துணையை இழந்தவரிடம் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத் தவிப்பதைத் தவிர்க்கலாம்.

கடன் கேட்கவோ பாலிசி விற்கவோ எண்ணம் இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம். பாசமாகப் பேசிவிட்டு மூன்றாம் நாள் பணப்பேச்சு எடுத்தால், அந்த நட்பைப் பிறகு மீட்கவே முடியாது. அவருக்கு நீங்கள் பணம் தரவேண்டியிருந்தால், அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மனக்கசப்பில் பிரிந்தவர் என்றால் உங்கள் பக்கத் தவறை ஒரே வாக்கியத்தில், 'ஆனால்' சேர்க்காமல் சொல்லுங்கள். உங்களை பிளாக் செய்தவரையும், வேண்டாம் என்று சொன்னவரையும், உங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தவரையும் தேடிப் போகாதீர்கள்.

பழைய நண்பர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, அவசரம் என்று பணம் கேட்கும் மோசடியும் நடக்கிறது. பணம் என்ற சொல் வந்தாலே, தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேளுங்கள்.

பதில் வந்துவிட்டால் எழுத்திலேயே நிற்காதீர்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு போனில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். பேசியபோது மின்னஞ்சலைவிடச் சங்கடம் கூடவில்லை, நெருக்கம் கூடியது.

முதல் அழைப்பை இருபது நிமிடத்தில் முடிப்பது நல்லது. பழைய கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டால் அடுத்த முறைக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது, மறுபடி தொடர்பு விட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பேச்சில் அவருடைய இன்றைய வாழ்க்கையிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பதினெட்டாம் தேதி கண் ஆபரேஷன் என்றாரா? காலண்டரில் குறித்து வையுங்கள். பத்தொன்பதாம் தேதி காலையில், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அனுப்புங்கள்.