கோர்ட்டில் யாருக்கு எது கூடாது?

சினிமா கோர்ட்டில் கடைசி நிமிஷத்தில் ஒரு சாட்சி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவார், வழக்கு அப்படியே தலைகீழாகிவிடும். நிஜத்தில் அவரை அநேகமாக வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அரசுத் தரப்பு யார் யாரைச் சாட்சியாக அழைக்கப்போகிறது, எந்தெந்த ஆவணத்தைக் காட்டப்போகிறது என்ற பட்டியல் விசாரணை தொடங்கும் முன்பே எதிர்த்தரப்பின் கைக்குப் போயிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நீதிபதியிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும், எதிர்த்தரப்பு தயாராக அவகாசம் கேட்கும், வழக்கு இன்னொரு தேதிக்குப் போகும். பார்ப்பதற்கு சுவாரசியம் குறைவுதான்.

கிரிமினல் விசாரணை எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. அங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் எதைச் செய்யத் தடை இருக்கிறது என்று பார்ப்பது. அந்தத் தடைகளை வரிசையாகப் பார்த்தாலே மொத்த அமைப்பும் பிடிபட்டுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் மனிதர்கள் எந்த இடத்தில் தப்பு செய்வார்கள் என்ற அனுபவம் இருக்கிறது.

முதலில் அடிப்படை. "உண்மையில் என்ன நடந்தது?" என்று கண்டுபிடிப்பது கோர்ட்டின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்து வழியில் வந்த முறைகளில் (இந்தியா, அமெரிக்கா எல்லாம் இதில் சேரும்) கேள்வி அதைவிடக் குறுகலானது. அரசு ஒருவர் மேல் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறது, அது நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிட்டதா? அவ்வளவுதான். வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவில்தான். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு சாட்சி மட்டுமே, இது பல குடும்பங்களுக்குக் கோர்ட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

நிரூபிக்கும் பாரம் அரசின் தலையில் என்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் 1935 வரை இங்கிலாந்திலேயே இது குழப்பமாகத்தான் இருந்தது. மனைவியைச் சுட்டுக் கொன்றதாக ஒரு இளைஞர் மேல் வழக்கு. துப்பாக்கி தற்செயலாக வெடித்துவிட்டது என்றார் அவர். கொன்றது நிரூபணமான பிறகு, தற்செயல் என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும் என்கிற ரீதியில் நீதிபதி ஜூரிக்கு (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் குழு) சொல்ல, தூக்குத் தண்டனை விழுந்தது. வுல்மிங்டன் வழக்கு என்று பேர் பெற்ற அதில், அப்போது அந்த நாட்டின் உச்ச கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை தண்டனையை ரத்து செய்தது. வேண்டுமென்றே சுட்டார் என்று காட்ட வேண்டியது அரசு, அதில் சந்தேகம் மிஞ்சினால் விடுதலை. இந்தத் தீர்ப்பை உலகத்தின் பாதிக் கோர்ட்டுகள் இன்றும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கின்றன.

அரசு வழக்கறிஞருக்கு உள்ள பெரிய தடை, தனக்குச் சாதகமில்லாததை மறைக்கக் கூடாது என்பது. எப்படியாவது ஜெயிப்பது அவர் வேலை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய சான்று அரசின் கையில் இருந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல் பிராடி வழக்கில் சொன்னது. காரணம் எளிது. ஒரு பக்கம் போலீஸ், ஆய்வகம், அரசுப் பணம் எல்லாம் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஒரு ஆளும் அவர் வக்கீலும்.

அப்புறம் சாட்சி. விஷயம் சூடுபிடிப்பது இங்கேதான்.

ஒரு சாட்சி மூன்று கட்டமாகப் பேசுகிறார். அழைத்த தரப்பு முதலில் கேட்கும், அது முதல் விசாரணை. அடுத்து எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. அதில் கிளம்பிய குழப்பத்தைத் தெளிவுபடுத்த மட்டும் மறு விசாரணை. முதல் விசாரணையில், சர்ச்சைக்குரிய விஷயத்தில், பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கேட்கக் கூடாது. "அவர் கையில் கத்தி இருந்ததா?" என்று கேட்க முடியாது, "அவர் கையில் என்ன பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையில் இந்தத் தடை கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் சாட்சிக்கு இருக்காது, அதனால் அவர் ஊட்டுவதை இவர் விழுங்க மாட்டார் என்பது சட்டத்தின் கணக்கு.

கேள்வியின் வார்த்தை நினைவையே மாற்றிவிடும் என்று வக்கீல்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததை 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் சோதனையில் காட்டினார்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்தான் ஆளுக்கு ஆள் மாறியது. "நொறுங்க மோதியபோது" என்ற தொனியில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 66 கிலோமீட்டர் என்றார்கள், "தொட்டுக்கொண்டபோது" என்ற தொனியில் கேட்கப்பட்டவர்கள் சுமார் 51 என்றார்கள். அடுத்த சோதனை இன்னும் பயங்கரம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்க" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். சாதாரணமாக "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

சாட்சியின் முதல் வாக்குமூலம் கோர்ட்டுக்கு வெகு முன்பே, காவல் நிலையத்தில், யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகப் பதிவானது என்பதை நினைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். குறுக்கு விசாரணை பொய் சொல்பவரைப் பிடிக்க நல்ல கருவி, ஆனால் நேர்மையாகத் தவறாக நினைவில் வைத்திருப்பவரிடம் அது பெரும்பாலும் மழுங்கிப்போகும் என்பது என் எண்ணம். அவர் தடுமாறுவதில்லை, வியர்ப்பதில்லை, அவர் நம்புவதைத்தான் சொல்கிறார். அமெரிக்காவில் பின்னாளில் டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று தெரியவந்தவர்களின் வழக்குகளை எடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவற்றில் கண்ணால் கண்ட சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியது ஒரு காரணமாக இருந்தது. சந்தேக நபரை வேறு சிலரோடு நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது என்று உளவியலாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான், ஒரு சின்னத் தலையசைப்பு போதும். இந்தியாவில் அந்த அணிவகுப்பைப் போலீஸ் நடத்தாமல் மாஜிஸ்திரேட் நடத்துவதும் இதே கவலையிலிருந்து வந்ததுதான்.

சாட்சிக்கு வேறு தடைகளும் உண்டு. தன் முறை வரும் வரை வெளியேதான் இருக்க வேண்டும், மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தன் கதையைச் சரிசெய்துவிடக் கூடாது. பார்த்ததைச் சொல்லலாம், கருத்துச் சொல்லக் கூடாது. விதிவிலக்கு நிபுணர்: பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், கைரேகை நிபுணர் போன்றவர்கள். ஆனால் அவர்களும் காயம் எந்த மாதிரி ஆயுதத்தால் வந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், குத்தியது யார் என்று சொல்ல முடியாது. அழைத்த தரப்புக்கு எதிராகவே சாட்சி திரும்பிவிட்டால், இந்தியக் கோர்ட்டுகளில் பிறழ் சாட்சி என்கிறார்கள், அழைத்தவரே அவரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிய விதி ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: அவரைப் பேச வைக்கக் கூடாது. இந்திய அரசியலமைப்பின் 20(3) பிரிவு இதைச் சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான நிரூபணமாக வைக்க முடியாது என்ற பழைய விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பு முடிந்ததும், "உங்களுக்கு எதிராக இப்படி இப்படிச் சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்?" என்று நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்பார். சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாமல் இருந்தாலும் அதற்குத் தண்டனை கிடையாது. இங்கிலாந்தில் 1994 சட்டத்துக்குப் பிறகு சில சூழ்நிலைகளில் மௌனத்திலிருந்து ஜூரி ஒரு முடிவுக்கு வரலாம், அமெரிக்காவில் அது முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இதே இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிரச்சினை நேர் எதிராக இருந்தது. பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் வக்கீல் ஜூரியிடம் வாதாடும் உரிமை 1836-ல்தான் வந்தது. அவர் தன் வழக்கில் தானே சத்தியம் செய்து சாட்சி சொல்லும் பொது உரிமை கிடைக்க 1898 ஆனது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எப்படியும் பொய்தான் சொல்வான் என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

நீதிபதிக்கு என்ன தடை? இந்த முறையில் அவர் தானாகப் போய்த் துப்பறியக் கூடாது. கேள்வி கேட்கலாம், ஆனால் ஒரு தரப்பின் வக்கீலாக மாறிவிடக் கூடாது. பிரான்சில் இது வேறு மாதிரி. அங்கே விசாரணைக்குத் தலைமை தாங்கும் நீதிபதி வழக்குக் கோப்பை முன்கூட்டியே கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார், சாட்சிகளை முக்கியமாகக் கேள்வி கேட்பவரும் அவர்தான், மிகக் கடுமையான குற்ற வழக்கின் முதல் விசாரணையில் 3 நீதிபதிகளும் 6 ஜூரர்களும் ஒன்றாக உட்கார்ந்தே முடிவெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 12 பேர் கொண்ட ஜூரி தனியறையில் பேசுகிறது, நீதிபதிக்கு அங்கே இடமில்லை. 1670-ல் ஒரு ஜூரி விடுதலை என்று சொன்னதற்காக அவர்களைச் சோறு தண்ணி இல்லாமல் பூட்டி, அபராதமும் போட்டார்கள். அதில் புஷெல் என்பவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறையிலிருந்தே வழக்காடியதில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்பது நிலைத்தது. இந்தியாவின் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி விசாரணைக்கு இடமே இருக்கவில்லை, அதற்குப் பதிலாக 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை, சட்டமும் சங்கதியும் இரண்டும் நீதிபதி பொறுப்பு. ஏற்கக்கூடாத சான்று ஒன்றைப் படித்துப் பார்த்துத் தள்ளுபடி செய்த அதே ஆள், அதைப் படிக்காதவர் மாதிரி தீர்ப்பு எழுத வேண்டும். எவ்வளவு கஷ்டமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

யாரும் கவனிக்காத இரண்டு பேர் மொழிபெயர்ப்பாளரும் சாட்சியத்தைப் பதிவு செய்பவரும். மொழிபெயர்ப்பாளர் திருத்தக் கூடாது. சாட்சி உளறினால் அந்த உளறலே வர வேண்டும், "நான்" என்றால் "நான்" என்றே வர வேண்டும். 1945-ல் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நான்கிலும் உடனுக்குடன் பெயர்த்தார்கள், பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு, நிறுத்தச் சொல்ல சிவப்பு விளக்கு. பதிவு செய்பவருக்கோ தலையாட்டல் ஆமாம் ஆகாது. அதனால்தான் வக்கீல்கள் "வாயைத் திறந்து சொல்லுங்க" என்று சாட்சியை விரட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் பதிவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், மேல்முறையீட்டில் பெரும்பாலும் சாட்சிகள் மறுபடி வருவதில்லை. மேல் கோர்ட்டு நீதிபதிகள் பார்ப்பது அந்தத் தாள்களைத்தான், சாட்சி தயங்கினாரா, கோபப்பட்டாரா என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை நினைத்துத்தான், சாட்சி பேசும்போது எப்படி நடந்துகொண்டார் என்பதில் முக்கியமாகப் பட்டதைக் குறித்து வைக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் விசாரணை நீதிபதிக்கே சொல்கிறது.